ஓய்வுக்குப் பிறகு தியானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து 2017ல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷத்திலிருந்து, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சமுதாயக் கூடத்தில் தினமும் காலை ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அரை மணி நேரம் அமைதியாக உட்காருகிறோம். நான் குரு இல்லை; தீட்சை கொடுப்பதும் இல்லை. கூடத்தைத் திறந்து, பெருக்கி, பாயும் நாற்காலியும் போடுவது என் பொறுப்பு. புதிதாக ஓய்வு பெற்றவர்கள் யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆட்கள்தான் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. ‘இனிமேல் என்ன, தியானம், கோயில் என்று நிம்மதியாக இருங்கள்’ என்கிறார்கள். எனக்கு வீட்டில் இருப்பதே கஷ்டமாக இருக்கிறது. தியானம் செய்தால் சரியாகுமா?

கஷ்டமாக இருப்பது இயல்பு. முதலில் அதை நம்புங்கள்.

பொன்மலையில் பணிமனைச் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். நான் ஓய்வு பெற்ற மறுநாளும் அது ஊதியது. எழுந்து, குளித்து, சட்டை போட்டு, சாப்பாட்டுப் பையைத் தேடிக்கொண்டு அடுப்படி வரைக்கும் போய்விட்டேன். என் மனைவி எதுவும் சொல்லாமல் ஒரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுத்தார். வாசலில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். தெருவோடு போன ஒருவர், “என்ன சார், சும்மாத்தான் இருக்கீங்களா?” என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்த ‘சும்மா’ நெஞ்சில் தைத்துவிட்டது. பல நாள் அந்தச் சொல் போகவில்லை.

பிறகு ஒரு நாள் மலைக்கோட்டைப் படி ஏறும்போது தாயுமானவர் ஞாபகம் வந்தது. நாயக்கர் காலத்தில் இதே திருச்சியில் அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். அதை விட்டுவிட்டுத் துறவு பூண்டவர். அவருடைய குருவான மௌனகுரு அவருக்குச் சொன்ன உபதேசம் ‘சும்மா இரு’ என்பதுதான் என்று நம் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். எது என்னைக் குத்தியதோ, அதைத்தான் ஒரு குரு தன் சீடனுக்குச் சொத்தாகக் கொடுத்திருக்கிறார். படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஓடத் தெரிந்த எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் பட்டது.

அதனால் உங்களுக்கு என் யோசனை: முதல் இரண்டு மூன்று மாதம் எதையும் பெரிதாகத் தொடங்க வேண்டாம். பென்ஷன் காகிதங்களை முடியுங்கள். கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்காமல் விட்ட தூக்கத்தைத் தூங்குங்கள். காலையில் நடங்கள். அப்புறம் தினம் பத்து நிமிஷம் உட்காரத் தொடங்குங்கள். வெறுமை உடனே போய்விடாது. அதைக் கண்டு பயந்து ஓடாமல் அதன் பக்கத்தில் உட்கார முடியும் என்பதுதான் முதலில் வருகிற பலன்.

வாழ்நாள் முழுக்க இதெல்லாம் பழகியதே இல்லை. அறுபது வயதில் வருமா?

உங்களுக்கு ஏற்கெனவே வரும். பெயர்தான் தெரியாது.

பணிமனையில் வண்டிச் சக்கரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்போம். நல்ல சக்கரம் மணி போலக் கணீரென்று ஒலிக்கும். எங்கேயாவது விரிசல் இருந்தால் ஓசை எழும்பாமல் ‘டப்’ என்று அடங்கிவிடும். பிற்பாடு அல்ட்ராசோனிக் கருவி வந்துவிட்டது. ஆனாலும் என்னுடைய மூத்த ஃபிட்டர் காதைத்தான் நம்புவார். மேலே கிரேன் ஓடும், பக்கத்தில் இரும்பு அறுப்பார்கள், யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். சுத்தியல் படுகிற அந்த நேரத்தில் அவருக்கு அந்த ஒரு ஓசை மட்டும்தான் இருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் பார்த்த முதல் தியானம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் இருக்கிறார். நரம்பு அகப்படாத குழந்தையின் கையில் விரலை வைத்துத் தடவிக் கண்டுபிடிக்கும்போது மூச்சுகூடத் தானாக மெதுவாகிவிடும் என்பார். வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தவருக்கு நோட்டு எண்ணும்போது அது வந்திருக்கும். ஆசிரியருக்கு விடைத்தாள் திருத்தும்போது. உங்களுக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கவனத்தை இப்போது ஒரு வேலையும் இல்லாமல் மூச்சின் மேல் வைக்கப் போகிறோம்.

செய்முறை இதுதான். முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சு நாசியில் உரசிப் போய்வருவதைக் கவனியுங்கள். இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். வெளியே போகிற மூச்சை ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை தப்பினால் ஒன்றுக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை தப்பினால் முப்பது தடவை வாருங்கள்.

எந்த முறையைப் பின்பற்றுவது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நம் பக்கத்தில் கிடைப்பவற்றில் நான் போய்ப் பார்த்தவை, கூட உட்காருகிறவர்கள் வழியாகத் தெரிந்தவை ஆகியவற்றை மட்டும் சொல்கிறேன்.

திருவண்ணாமலை ரமணர் காட்டிய வழி ‘நான் யார்’ என்ற விசாரணை. 1896ல் பதினாறு வயதில் அந்த ஊருக்கு வந்தவர், 1950ல் உடலை விடும்வரை அதைவிட்டு நகரவில்லை. ஓர் எண்ணம் வந்தால் ‘இது யாருக்கு வந்தது’ என்று கேட்க வேண்டும். ‘எனக்கு’ என்று பதில் வரும். ‘அந்த நான் யார்’ என்று அதன் வேரைத் தேடிப் போக வேண்டும். படிக்கும்போது சுலபமாக இருக்கும், உட்கார்ந்தால்தான் தெரியும். ஓய்வு பெற்றவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிற கேள்வி என்பது என் எண்ணம். நேற்றுவரை ‘நான் தலைமை ஆசிரியர்’, ‘நான் மேனேஜர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த இரண்டாவது சொல் இப்போது கழன்றுவிட்டது. மீதி இருக்கிற ‘நான்’ என்ன என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல வேளை கிடைக்காது.

படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியரும், கூடப் பயில ஒரு குழுவும் வேண்டும் என்பவர்களுக்கு வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை நல்லது. அவர் 1911ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் நடத்திக்கொண்டே தவம் செய்தவர். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறில் அவருடைய அறிவுத்திருக்கோயில் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் மன்றமும் இருக்கிறது. கை, கால், கண், மூச்சு என்று உடற்பயிற்சியும் சேர்ந்து வருவதால் வயதானவர்களுக்கு ஒத்துப்போகிறது. என் மைத்துனர் பத்து வருஷமாக ‘வாழ்க வளமுடன்’ சொல்கிறவர். முன்பெல்லாம் வீட்டில் அவர் குரல்தான் கேட்கும். இப்போது மற்றவர்கள் பேசுவதும் கேட்கிறது.

பௌத்த மரபில் வந்த விபாசனா தியானம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் 1969ல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை. பத்து நாள் பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள், ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார வேண்டும். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை கொடுக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் ஒரு மையம் இருக்கிறது. நான் 62 வயதில் ஒரு பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் மதியம் பெட்டியைக் கட்டிவிடலாம் என்று எழுந்தேவிட்டேன். முதுகு ஒரு பக்கம் எரிந்தது, ஒரு காரணமும் இல்லாமல் அழுகை வந்தது. மெதுவாக அது அடங்கியது. போனது நல்லதுதான். ஆனால் தியானமே பழகாதவர்கள் அங்கே போய் முதல் அடி வைக்க வேண்டாம். வீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்து பழகிவிட்டு, டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மன நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

கொடைக்கானல் பெருமாள்மலையில் ஏசு சபைத் துறவி ஆமா சாமி 1996ல் தொடங்கிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, குளித்தலைக்கு அருகில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் 1950ல் உண்டான சச்சிதானந்த ஆசிரமம் என்ற கிறிஸ்தவ ஆசிரமம் இருக்கிறது. சாந்திவனம் என்று சொன்னால் தெரியும். எங்களோடு உட்காருகிற கிறிஸ்தவ நண்பர் அங்கே போய் நான்கைந்து நாள் மௌனமாக இருந்துவிட்டு வருவார். இன்னொரு நண்பர் ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகை முடித்து, தஸ்பீஹ் மணியை உருட்டித் திக்ர் என்ற இறைநினைவு செய்துவிட்டுத்தான் எங்கள் கூடத்துக்கே வருகிறார். ராம நாமமோ சிவ நாமமோ சிறுவயதிலிருந்து சொல்லி வருகிறீர்கள் என்றால் உங்கள் முறை உங்கள் கையிலேயே இருக்கிறது, தேடி எங்கும் போக வேண்டாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதமாவது விடாமல் செய்யுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்வது. மாதம் ஒரு முறை மாற்றுகிறவர்கள் எங்குமே தண்ணீர் காணவில்லை.

மூட்டு வலி. சம்மணம் போட முடியவில்லை.

நாற்காலியில் உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி குழிந்து முதுகை வளைத்துவிடும். கைப்பிடி இல்லாத மர நாற்காலி நல்லது. பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படியட்டும். எட்டவில்லை என்றால் கீழே ஒரு மணைப்பலகை போடுங்கள். எங்கள் கூடத்தில் பாதிப் பேருக்கு மேல் நாற்காலிதான். முடிந்ததும் சட்டென்று எழுந்துவிடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றும். கை கால் அசைத்து, ஒரு நிமிஷம் கண் திறந்து உட்கார்ந்திருந்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள்.

எத்தனை நிமிஷம்? எந்த நேரம்? வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டுமா?

பத்து நிமிஷத்தில் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் அரை மணி நேரத்துக்கு வாருங்கள். அதற்கு மேல் கட்டாயம் எதுவும் இல்லை. வயதானால் தூக்கம் நாலு, நாலரைக்கே கலைந்துவிடுகிறது. படுக்கையில் புரண்டு புரண்டு பழையதையெல்லாம் நினைப்பதைவிட அந்த நேரத்தில் எழுந்து உட்காரலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் உட்கார வேண்டாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் என்றால் அது ஆன்மிக அனுபவமாக இருக்காது, சர்க்கரை இறங்கியிருக்கும். உடனே ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதித்துப் பாருங்கள்.

கண்ணை மூடினால் பழைய ஆபீஸ்தான் வருகிறது. யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று கோபம் கோபமாக வருகிறது. இது தியானமா?

இதுதான் தியானம். இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை.

வேலையில் இருந்தவரை அதையெல்லாம் நினைக்க நேரம் இல்லை. அடுத்த வேலை வந்து மூடிவிடும். இப்போது மூடுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் அடியில் கிடந்தது மிதக்கிறது. தியானம் செய்ததால் வந்தது என்று நினைக்க வேண்டாம். அது அங்கேயேதான் இருந்தது.

எங்கள் குழுவில் ஒருவர் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு தன்னைவிட இளையவருக்குப் போனதை அவரால் மறக்க முடியவில்லை. மேலதிகாரி ஒருவர் எழுதிய குறிப்புதான் காரணம் என்பது அவர் எண்ணம். தினமும் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் அந்தக் குறிப்பு வந்துவிடுமாம், வரி வரியாக. ‘இதோடு சண்டை போடாதீர்கள், விரட்டவும் வேண்டாம். ஃபைல் வந்தாச்சு என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்கு வாருங்கள்’ என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே செய்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் அந்த மேலதிகாரி காலமாகிவிட்டார் என்று தகவல் வந்தது. போகலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரே ஒரு மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மறுநாள் காலை வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். முடிந்ததும், “இன்னிக்கும் ஃபைல் வந்துச்சு சார். ஆனா சூடு இல்ல” என்றார்.

உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுகிறேன்.

ராத்திரித் தூக்கம் சரியில்லை என்றால் அதை முதலில் கவனியுங்கள். குறட்டை பலமாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பிட்டவுடன் உட்கார வேண்டாம். அப்படியும் தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து இரண்டடி தள்ளித் தரையைப் பாருங்கள், அல்லது எழுந்து கூடத்தின் நீளத்துக்கு மெதுவாக நடந்து பாதம் படுவதைக் கவனியுங்கள்.

நெற்றியில் அழுத்தம், கண்ணுக்குள் வெளிச்சம் எல்லாம் வருகிறது. முன்னேற்றமா?

சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். புருவ மத்தியில் கவனம் வைக்கிறவர்களுக்கு அழுத்தம் வருவது வழக்கம்தான். மனவளக்கலையில் அதைத் தணிக்கவே கவனத்தைக் கீழே இறக்கும் சாந்தி தவத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்களுக்குக் கற்றுத்தந்தவரிடமே கேளுங்கள். ஆனால் கண் திறந்திருக்கும்போதும் மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிந்தால், புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால், அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். விழித்திரைப் பிரச்சினையாக இருக்கலாம். அதில் நாள் கடத்தக் கூடாது.

தியானம் செய்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. டாக்டர் அளந்து பார்த்துக் குறைத்தால் குறைக்கலாம். யார் நிறுத்தச் சொன்னாலும், எவ்வளவு பெரிய சாமியாராக இருந்தாலும், கேட்காதீர்கள். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள் கபாலபாதியும், மூச்சை அடக்குகிற பயிற்சிகளும், தலைகீழ் ஆசனங்களும் செய்ய வேண்டாம். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அதற்கு வைத்தியம் வேறு. மனநல டாக்டரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

என் கணவர் ஓய்வு பெற்றுத் தினமும் ஒரு மணி நேரம் பூஜை அறையில் தியானம் செய்கிறார். எனக்கு எப்போது ஓய்வு?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு என் வீட்டுக் கதையைத்தான் பதிலாகச் சொன்னேன்.

முதல் வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். உள்ளே இருந்தபடியே குக்கர் விசிலுக்குக் கோபப்படுவேன், பேரன் டிவி போட்டால் கத்துவேன். ஒரு நாள் என் மனைவி கதவுக்கு வெளியே நின்று, “தியானம் பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு இவ்வளவு கோபம் வராது” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. 36 வருஷம் அவர் நாலரை மணிக்கு எழுந்து எனக்குச் சாப்பாடு கட்டியிருக்கிறார். எனக்குச் சங்கு நின்றுபோனது. அவருக்கு நிற்கவே இல்லை.

அன்றிலிருந்து காலைக் காப்பி என் வேலை. காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் என் வேலை. முருங்கைக்கீரை ஆய்ந்து பார்த்திருக்கிறீர்களா? காம்பு சேராமல், பழுத்த இலை சேராமல் ஒரு கட்டை ஆய்ந்து முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். அவசரப்பட்டால் காம்பு விழும். மனசு வேறெங்கோ போனால் பழுத்த இலை விழும். பூஜை அறையில் எனக்குக் கிடைக்காத ஒரு அமைதி அந்த முறத்துக்கு முன்னால் கிடைத்தது என்று மனசாரச் சொல்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. காலை ஆறு மணிக் கூட்டத்துக்குப் பெண்கள் இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள். ‘ஆர்வம் இல்லை போல’ என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் அவர்கள் எப்படி வருவார்கள் என்று நர்ஸ் அம்மாதான் கேட்டார். மாலை நாலு மணிக்கும் கூடத்தைத் திறந்தோம். முதல் வாரமே எட்டுப் பேர் வந்தார்கள்.

அதனால் அம்மா, உங்களுக்கென்று அரை மணி நேரத்தைக் குறித்து வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் அடுப்பை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அதைக் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை.

பேசாமல் ஒரு ஆசிரமத்தில் போய்த் தங்கிவிடலாமா? பணிக்கொடை, பி.எஃப். பணத்தில் கொஞ்சம் கொடுத்தால் அறை தருகிறோம் என்கிறார்கள்.

சில நாள் போய்த் தங்குவது வேறு, வீட்டை விட்டுப் போவது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள். ரமணாசிரமத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினால் சில நாள் தங்கலாம். அறைக்கு இவ்வளவு என்று கேட்பதில்லை. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளில் போய், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை விடியற்காலையில் பேசாமல் நடந்து பாருங்கள். புதுச்சேரியில் அரவிந்தர், அன்னை சமாதிக்குப் பக்கத்தில் யாரும் உங்களை ஒன்றும் கேட்காமல் உட்கார விடுவார்கள்.

இரண்டாவதற்கு அவசரப்பட வேண்டாம். வீட்டில் ஒத்துப்போகாமல் ஆசிரமம் போகிறவர் அதே மனசைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார். பணம் விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு இடத்தில் ஆயுள் உறுப்பினர் என்று சில லட்சங்களைக் கொடுத்தார். வாக்களித்த அறை வரவில்லை, பணமும் திரும்பவில்லை. மகளுக்கு வைத்திருந்த பணம் அது. மனைவிக்குத் தெரியாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒரு மாதப் பென்ஷனுக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். வீட்டாரோடு பேசுவதைக் குறைக்கச் சொல்கிற இடம், மருந்தை விடச் சொல்கிற இடம், சொத்துக் காகிதம் கேட்கிற இடம் எதுவானாலும் அன்றைக்கே திரும்பி வந்துவிடுங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தியானம் செய்யலாமா?

செய்யலாம். எங்களோடு கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஐந்து வருஷமாக உட்காருகிறார். சிறுவயதிலிருந்து பகுத்தறிவு இயக்கத்தில் இருந்தவர். கூடத்தில் சாமி படம் மாட்ட வேண்டாம் என்று அவர் கேட்டபோது ஒப்புக்கொண்டோம். இப்போது எல்லோருக்கும் அதுவே வசதியாக இருக்கிறது. மூச்சைக் கவனிக்க எந்த நம்பிக்கையும் தேவைப்படுவதில்லை.

தியானம் சரி. ஆனால் எதற்காக வாழ்கிறேன் என்பது தெரியவில்லை. பிள்ளைகள் நிலைத்துவிட்டார்கள், கடன் முடிந்துவிட்டது. இனி என்ன நோக்கம்?

இதற்கு என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவுடன் நோக்கத்தைத் தேடிப் போகிறவர்கள் முதலில் பிடிப்பது ஒரு பதவியைத்தான். சங்கத் தலைவர், கோயில் கமிட்டிச் செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம். பழைய நாற்காலியை வேறொரு அறைக்குத் தூக்கிப் போவது போலத்தான் அது. இரண்டு வருஷத்தில் அங்கேயும் கோபம், அங்கேயும் கோஷ்டி. கொஞ்ச நாள் ஒன்றுமில்லாமல் இருக்கத் துணிந்தவர்களுக்குத்தான் வேறு ஏதோ வந்து சேர்ந்தது. அவர்கள் தேடிப் போனதாகவே தெரியவில்லை. சும்மா இருக்கப் பழகியபோது, பக்கத்தில் யாருக்கு என்ன தேவை என்பது கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு முறை எல்லோரும் வடலூர் போனோம். வள்ளலார் 1867ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அங்கே காய் நறுக்க உட்கார்ந்தோம். மலை போலப் பூசணிக்காய். கணக்குப் பிரிவு நண்பர் அரிவாள்மனையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை. பந்தியில் ஒரு வயசாளி அந்தக் கூட்டைக் கேட்டு இரண்டாம் தடவை வாங்கினார். திரும்பி வரும்போது ரயிலில் நண்பர் அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஊருக்கு வந்த பிறகு அவர் வாரம் இரண்டு நாள் அரசு மருத்துவமனைக்குப் போகத் தொடங்கினார். துணைக்கு ஆள் இல்லாமல் கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதி, எந்த அறைக்கு எந்த வரிசை என்று காட்டி, மாத்திரை எப்போது எது என்று உறையில் படம் போட்டுக் கொடுப்பார். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கிறார். அவர்கள் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். “திருத்தியே பழகின கை சார், தப்பை அப்படியே எழுதறதுதான் எனக்குப் பெரிய தவம்” என்றார். இன்னொருவர் தன் 88 வயதுத் தாயைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுகிறார். வேறெதுவும் செய்வதில்லை. அவர் நோக்கம் இல்லாமல் இருக்கிறார் என்று என்னால் சொல்ல முடியாது.

துணை போன பிறகு உட்காரவே முடியவில்லை. கண்ணை மூடினால் அவர்தான் வருகிறார்.

வரட்டும். மூச்சை எண்ண வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள். தனியாக மட்டும் உட்காராதீர்கள். எங்கள் கூடத்துக்கு வந்தாலும் சரி, கோயில் பிராகாரமோ தேவாலயமோ பள்ளிவாசலோ ஆனாலும் சரி, நாலு பேர் மூச்சு கேட்கிற இடத்தில் உட்காருங்கள்.

சாவைப் பற்றிய பயம் போகுமா?

எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ரமணருக்கு மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியில், திடீரென்று மரண பயம் வந்தது. ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போலக் கையைக் காலை நீட்டிப் படுத்து, ‘சாவது எது’ என்று உள்ளே பார்த்தார். அதற்குப் பிறகு ஆறு வாரத்தில் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். பதினாறு வயதுப் பிள்ளை அப்படிப் படுத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் வருகிறது. பயத்தை நிமிர்ந்து பார்க்கலாம் என்ற அளவுக்காவது.

போன வருஷம் மார்கழியில் எங்கள் குழுவின் மூத்தவர் போய்விட்டார். 81 வயது. ஓயாமரி மயானத்தில் காரியம் முடித்து, காவிரியில் முழுகி, ஈரத் துண்டோடு எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை வழக்கம்போல நாற்காலிகளைப் போட்டேன். அவருடைய நாற்காலியையும் கை தானாகப் போட்டுவிட்டது. எடுக்க மனசு வரவில்லை. மற்றவர்களும் எடுக்கச் சொல்லவில்லை. மூன்று வாரம் அது காலியாகவே இருந்தது. தை பிறந்து ஒரு நாள், மாத முடிவில் ஓய்வு பெற்ற போக்குவரத்துக் கழக டிரைவர் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். “சும்மா உட்காரலாமா சார்?” என்று கேட்டார். அந்த நாற்காலியைக் காட்டினேன்.